சபீனா க்ரீலி கேட்ட வழி

சபீனா க்ரீலியின் வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது சண்டை போடத்தான். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, கில்மோரா என்ற கடலோர ஊருக்கு நர்ஸாக வந்த புதிது. ஊரில் யார் செத்தாலும் உடம்பைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான் என்றும், காசநோயில் செத்தவர்களைக்கூட வெறுங்கையால் தொடுகிறாள் என்றும் சொன்னார்கள். கையுறையும் கிருமிநாசினி பாட்டிலும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய் இறங்கினேன். அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். நான் கொட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கையுறையை வாங்கி விரல் விரலாக இழுத்துப் பார்த்தாள்.

"இதப் போட்டுக்கிட்டு செத்தவங்க கண்ண மூட முடியாது. இமை வழுக்கும்."

"கண்ண மூடிட்டு, கையக் கழுவிட்டு, அப்புறம் போட்டுக்கோ," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அது நடக்கும்," என்று கையுறையை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் கையுறை இல்லாமல் அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் பழக்கம் அப்படி ஆரம்பித்தது.

கில்மோராவில் செத்தவரை வீட்டு மனிதர்கள் குளிப்பாட்டுவதில்லை. பக்கத்து வீட்டு ஆள்தான் வர வேண்டும். சபீனா எல்லா வீட்டுக்கும் பக்கத்து வீடாக இருந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர், ஆண்களுக்கு முகச்சவரம், பழுப்பு அங்கி, விரல்களில் ஜெபமாலை. முடித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு டீ, ஒரு அவித்த முட்டை. அவ்வளவுதான். அழமாட்டாள், யாரையும் தேற்றமாட்டாள். வேலை சுத்தமாக இருக்கும். என்னுடைய நோயாளிகளில் பாதிப்பேரை நான் அவளிடம்தான் ஒப்படைத்தேன் என்று சொல்லலாம்.

ஆனால் அவள் வீட்டிலிருந்து கிளம்பிய எந்தச் சவப்பெட்டிக்கும் கில்மோரா ஆண்கள் யாரும் தோள் கொடுத்ததில்லை. எண்பது வருஷமாக.

காரணம் ஒரு வயல். சபீனாவின் தாத்தா காலத்தில் நிலக்கிழாரின் ஆட்கள் குத்தகை பாக்கிக்காக லாஃபி குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியே தள்ளி, கூரையை இடித்தார்கள். அந்த வயலை ஒருத்தரும் எடுக்கக்கூடாது, தரிசாகவே கிடக்கட்டும் என்று கோயில் வாசலில் ஊரே சத்தியம் செய்தது. கிழவர் க்ரீலியும் அந்தக் கூட்டத்தில் நின்று கை தூக்கியவர்தான். அடுத்த வசந்தத்தில் அவர் அதை நிலக்கிழாரிடமிருந்து எடுத்து உருளைக்கிழங்கு போட்டார். அன்றிலிருந்து அவர்களோடு யாரும் பேசவில்லை, அவர்கள் வெண்ணெயை வாங்கவில்லை, குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. காலப்போக்கில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. பேச்சு வந்தது, வியாபாரம் வந்தது, சபீனாவை வீட்டுக்குள் கூப்பிடவும் ஆரம்பித்தார்கள். மிஞ்சியது தோள் மட்டும்.

எங்கள் ஊர்க் கல்லறை இனிஷ்டாரா தீவில் இருக்கிறது. கடல் வற்றும்போது மணலில் நடந்து போகலாம். பெட்டி தோளில் போவதுதான் முறை. நாலு பேர் தூக்குவார்கள், களைத்ததும் "மாத்து" என்று ஒரு குரல் வரும், பின்னால் நடக்கிறவர்களில் அடுத்த நாலு பேர் உள்ளே நுழைவார்கள். க்ரீலிகளை மட்டும் கழுதை வண்டியில் கொண்டுபோனார்கள். சபீனாவுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அவளுடைய அம்மாவின் பெட்டி அப்படிப் போனது. பாதி வழியில் சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்துவிட்டது. பெட்டி சரிந்து விழாமல் இருக்க, அப்பாவும் அண்ணனும் சக்கரத்தைத் தோண்டி எடுக்கும்வரை அவள் முதுகைக் கொடுத்து முட்டிக்கொண்டு நின்றாள். ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"என்ன எப்படி வேணா பொதைச்சுக்கட்டும், நர்ஸ்," என்றாள் ஒருநாள், யாருடைய வீட்டிலோ போர்வை அலசிக்கொண்டே. "பார்ட்லிய மட்டும் வண்டியில ஏத்தமாட்டேன்."

பார்ட்லி அவளுடைய அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வயல் அவர் பெயரில் இருந்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். வயலை ஒட்டிய சின்ன வீட்டில் மலாக்கி லாஃபி இருந்தான், துரத்தப்பட்டவரின் பேரன். தினமும் காலையில் கதவைத் திறந்தால் தன் தாத்தாவின் மண்ணில் பார்ட்லியின் உருளைக்கிழங்கு வரிசையைத்தான் அவன் பார்க்க வேண்டும். அவன் மனைவி வின்னி செத்தபோது சபீனாதான் போய்க் குளிப்பாட்டினாள். மலாக்கி அவளுக்குத் தானே டீ போட்டுக் கொடுத்தான், வாசல்வரை வந்து நன்றி சொன்னான். திரும்பும்போது நான் அவனிடம் நேராகவே கேட்டேன்.

"அவ கையி உனக்கு வேணும். அவ வீட்டுக்கு உன் தோள் கெடையாதா?"

"கையி வேற, தோளு வேற, நர்ஸ்," என்றான். "நீ கட்டுப் போடுற வேலையப் பாரு."

1967 பிப்ரவரியில் பார்ட்லி நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். நான் காலையும் மாலையும் போனேன். நாங்கள் இருவரும் அவரைப் புரட்டிப் போட்டோம், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டோம். நுரையீரல் கேட்கவில்லை. கடைசி நாளில் சபீனா அவர் காதருகே குனிந்தாள்.

"எங்க வைக்கட்டும் ஒன்ன?"

"அம்மா பக்கத்துல."

"தீவுக்குத் தூக்க ஆள் வேணும் பார்ட்லி. மலாக்கிகிட்ட ஒரு வார்த்த பேசவா? வயலப் பத்தி?"

அவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே போய்ச் சேர்ந்தார். அவரைக் குளிப்பாட்டப் பக்கத்து வீட்டு ஆள் வேண்டுமே. நான் செய்தேன். சபீனா வெளியே கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

சாவு வீட்டுக்கு ஊர் முழுவதும் வந்தது. ஹாம் தின்றார்கள், புகையிலை பிடித்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள். தூக்குவதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கழுதை வண்டியும் இந்தமுறை உதவாது. ஜனவரிப் புயல் மணலைக் கிழித்து நடுவில் ஒரு ஓடையை உண்டாக்கியிருந்தது. அதில் சக்கரம் இறங்கினால் அச்சுவரை போய்விடும். மலைப்பக்கத்து ஊரிலிருந்து வந்த மூன்று ஒன்றுவிட்ட தம்பிகள் முந்தின நாளே போய்க் குழி வெட்டிவிட்டு வந்திருந்தார்கள். நாலாவது ஆள் ஜெரார்ட், சபீனாவின் செத்துப்போன இன்னொரு சகோதரனின் மகன், மான்செஸ்டரில் பஸ் ஓட்டுகிறவன். நாலு பேர். மாற்ற ஆள் இல்லை.

ஜெரார்டின் ரயில் தாமதம். கடல் முழுக்க வற்றியிருந்த நேரமெல்லாம் நாங்கள் அவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அவன் வந்து சேர்ந்தபோது தண்ணீர் திரும்ப ஆரம்பித்துவிட்டது.

"நாளைக்கு வச்சுக்கலாமே, சபீனா," என்றார் ஃபாதர்.

"நாளைக்கு இந்தத் தம்பிங்க இருக்க மாட்டாங்க ஃபாதர். மாட்டப் பாக்கப் போகணும். தூக்குங்கடா."

பெட்டியைத் தூக்கியதும் அது இருந்த நாற்காலிகளை முறைப்படி உதைத்துச் சாய்த்தார்கள். நாற்காலி சாய்ந்தபின் அந்தப் பெட்டி அந்த வீட்டுக்குள் திரும்ப வரக்கூடாது. வந்தால் வருஷத்துக்குள் இன்னொன்று கிளம்பும் என்று எங்கள் பக்கத்தில் பயம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டதும் நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். இனி முன்னால்தான் போக முடியும்.

நீண்ட வழியில்தான் போனோம். பிணத்தைக் குறுக்கு வழியில் கொண்டுபோவது எங்கள் ஊரில் கிடையாது. வீட்டிலிருந்து மேடேறி, கோயிலைத் தாண்டி, நாற்சந்திக்கு வந்து, படகுத்துறையைச் சுற்றி மணலில் இறங்க வேண்டும். நாலு பேர் முன்னால். ஊர் முழுவதும் பின்னால், பாக்கெட்டில் கைகளோடு. அத்தனை ஆண்கள் நடக்கும் காலடிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. ஒரு தோளும் அசையவில்லை. ஜெரார்ட் நகரத்து ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தான், கோயில் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. சபீனா பெட்டிக்கு நேர் பின்னால் நடந்தாள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அவளுக்கு இதயம் பலவீனம், வேகமாக நடக்கக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அன்று சொல்லிப் பிரயோஜனமில்லை.

நாற்சந்தியில் பெட்டியை இறக்கி வைக்க ஒரு கற்குவியல் உண்டு. அங்கே வைத்தோம். அப்போது படகுத்துறையிலிருந்து ஃபெஸ்டஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். மதுக்கடை வைத்திருப்பவன், எதற்கும் வாய் அடங்காதவன்.

"ஓடையில தண்ணி ஏறிருச்சு! தொறப் பக்கமா சுத்திப் போனா நீங்க மணல்ல கால் வைக்கிறதுக்குள்ள இடுப்பு மட்டும் வந்துரும். உசுரோட இருக்கும்போது பார்ட்லி என்னைக்காவது நேரத்துக்கு வந்திருக்கானா? இப்பவும் அதேதான்."

இரண்டு பேர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

நாற்சந்தியின் ஒரு பக்கம் அந்த வயல் இருந்தது. சாலையிலிருந்து நேராக மணல் மேட்டுக்கு இறங்கும். அதன் வழியாகப் போனால் ஓடை குறுகலாக இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரலாம். எல்லோர் கண்களும் அங்கே போய்விட்டுத் திரும்பின. ஜெரார்டுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"இது நம்ம வயல்தானே அத்த? சட்டப்படி நம்மளோடதுதானே? நேராப் போவோம்." போய்க் கேட்டைத் திறந்தான்.

கேட் கிறீச்சிட்டது. கூட்டம் ஒரே நேரத்தில் விறைத்தது. எனக்குப் பின்னால் ஒருவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பெட்டி முன்னால் இருக்கும்போது யாரும் தொப்பி வைப்பதில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். இன்னொருவரும் வைத்தார். அந்தக் கேட் வழியாகப் பெட்டி போனால், அது எண்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இன்னொருமுறை செய்வதுதான். அதற்கப்புறம் க்ரீலி வீட்டுக்குக் கில்மோராவில் எதுவுமே மிஞ்சாது.

சபீனா போய்க் கேட்டைச் சாத்தினாள். கொக்கியை மாட்டினாள்.

"அத்த, என்ன பண்றீங்க? கடல் வருது!"

"நீ வாய மூடு, ஜெரார்ட். தோள் குடுக்க வந்த, குடு."

கூட்டத்தின் ஓரத்தில், தன் வீட்டுச் சுவரருகே மலாக்கி நின்றுகொண்டிருந்தான். சபீனா அவனுக்கு முன்னால் போய் நின்றாள். ஆள் அவன் நெஞ்சு உயரம்தான் இருப்பாள்.

"மலாக்கி. உன் வயல் வழியா எங்க அண்ணன எடுத்துட்டுப் போகலாமா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தான்.

"எந்த வயலு?"

"இதோ, இதுதான்."

"இது யாரோடதுன்னு சொன்ன?"

"உன்னோடது. உங்க தாத்தாவோடது. எங்க தாத்தா எடுத்தாரு."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

மோசமான வார்த்தை. நான் வாய் திறக்கப் போனேன். ஃபாதர் முந்திக்கொண்டார். "மலாக்கி, போதும்பா..."

"நீங்க இதுல வராதீங்க ஃபாதர்."

சபீனா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். மூச்சுக்குத் தவித்தாள், நான் அவள் முழங்கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். "இது லாஃபி வயலு!" என்று கத்தினாள். பிணம் இருக்கும் இடத்தில் யாரும் கத்தி நான் கேட்டதில்லை. "எங்க தாத்தா சத்தியத்த மீறி எடுத்தாரு. எங்க அப்பா வச்சிருந்தாரு, பார்ட்லி வச்சிருந்தான். இப்ப எங்கிட்ட இருக்கு. நான் கேட்டுத்தான் போவேன்."

காற்று, அதற்குப் பின்னால் கடல். முதலில் தொப்பி வைத்தவர் அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று அதன் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். மலாக்கியின் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"அவன் என்னைக்காவது ஒரு தடவ கேட்டிருக்கலாம்," என்றான்.

"கேட்டிருக்க மாட்டான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

மலாக்கி சாலையைத் தாண்டி வந்து கொக்கியை எடுத்தான். "செவுத்தோரமா போங்க. நடுவுல சேறு."

ஃபெஸ்டஸ் சும்மா இருப்பானா. "குறுக்கு வழியில பொணமா? யாரு கேள்விப்பட்டது?"

"எம்பது வருசமா சுத்திக்கிட்டுத்தான் இருக்கோம், ஃபெஸ்டஸ்," என்றாள் சபீனா. "தூக்குங்க."

வயலின் அடிப்பக்கத்தில் கேட் கிடையாது, கல் சுவர்தான். அதில் ஓரிடத்தில் கற்கள் வேறு நிறம். லாஃபிகள் உரத்துக்குக் கடல்பாசி கொண்டுவர வைத்திருந்த வழி அது, கிழவர் க்ரீலி அடைத்தது. மலாக்கிக்கு அந்த இடம் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். மேல் கல்லைப் பிடுங்கி வீசினான். அடுத்ததையும் வீசினான். அப்புறம் பாக்கெட்டுகளிலிருந்து கைகள் வெளியே வந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை, கல்லை மட்டும் பார்த்தார்கள். நாங்கள் பெட்டியோடு வந்து சேர்வதற்குள் ஒரு மாடு நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டது.

கல் எடுப்பது வேறு, தோள் வேறு. அதை நான் மறக்கவில்லை. மணலில் இறங்கியபோதும் அதே நாலு பேர்தான் தூக்கினார்கள். தண்ணீர் முதலில் ஷூவுக்குள் வந்தது, பிறகு கணுக்கால். ஓடையில் முழங்கால். ஜனங்கள் மேடான பக்கமாகக் கடந்துகொண்டிருந்தார்கள். மேடு ஒருவர் நடக்கும் அகலம்தான், பெட்டியோடு அதில் ஏற முடியாது. நடு ஓடையில் ஜெரார்டின் கால் புதைந்தது. இழுத்தான், ஷூ மட்டும் உள்ளே தங்கிவிட்டது. பெட்டி அவன் பக்கம் சாய்ந்தது. மலைக்காரத் தம்பிகளில் ஒருவன் "போகுது! போகுது!" என்று அலறினான்.

சபீனா தண்ணீருக்குள் இறங்கி முதுகைத் திருப்பிப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டாள். அறுபத்தெட்டு வயதில், அந்த இதயத்தோடு. நான் அவளைத் திட்டிக்கொண்டே ஓடினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று எழுத முடியாது, ஃபாதர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்து!"

மலாக்கியின் குரல். சபீனாவின் தோளைப் பிடித்து ஒரு பையைத் தள்ளிவைப்பதுபோலத் தள்ளிவைத்துவிட்டு, ஜெரார்டின் இடத்தில் குனிந்து உள்ளே நுழைந்தான். பெட்டி நிமிர்ந்தது. ஆனால் அவன் நெட்டை, மற்ற மூவரும் குட்டை, பெட்டி இந்தமுறை மறுபக்கம் சாய்ந்தது.

"எவனாவது ஒசரமானவன் வாங்கடா!" என்று ஃபெஸ்டஸ் தன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டே கத்தினான். "இல்லன்னா பார்ட்லி நீச்சல் அடிச்சுத்தான் போவான்!"

மூன்று பேர் வந்தார்கள். கரையேறுவதற்குள் இன்னொரு நாலு பேர். கல்லறை மேட்டில் மறுபடியும் "மாத்து". தொப்பி வைத்தவரும் அதில் இருந்தார். சபீனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். நான் நாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமாகவும் தப்புத்தப்பாகவும் அடித்தது.

பார்ட்லியை அவருடைய அம்மா பக்கத்தில் வைத்தோம். ஃபாதர் ஜெபத்தை முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மணலே இல்லை. தீவில் மாட்டிக்கொண்டோம், ஊர் முழுவதும். மறுபடி கடல் வற்றும்வரை கூரையில்லாத பழைய கோயிலுக்குள் சுவரோரமாக ஒண்டிக்கொண்டோம். ஃபெஸ்டஸின் கோட்டுக்குள் இரண்டு பாட்டில் விஸ்கி இருந்தது. நான் எல்லா ஆண்களையும் ஈரக் காலுறையைக் கழற்றச் சொன்னேன். வெட்கப்பட்டவர்களுக்கு நானே கழற்றினேன். நிமோனியாவுக்கு ஒரு சாவு போதும். சபீனாவை நடுவில் உட்காரவைத்து ஆளுக்கொரு கோட்டாகப் போர்த்தினார்கள். மலாக்கி அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். பாட்டில் அவனிடம் வந்ததும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் குடிக்கக்கூடாது. குடித்தாள்.

மறுநாள் காலை அவளைப் பார்க்கப் போனேன். கால் வீங்கியிருந்தது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, முக்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வயல் தெரியும். சுவரில் நாங்கள் இடித்த இடம் அப்படியே திறந்து கிடந்தது. பார்ட்லி விட்டுப்போன பழைய கிழங்கு வரிசையில் மலாக்கியின் சிவப்பு மாடு நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது.

"ஜெரார்டுகிட்டச் சொல்லி அந்த எடத்த அடைக்கச் சொல்லட்டுமா?" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்றாள். "செவுரு அவனோடது."

வீங்கிய காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது. மாத்திரையைக் கூட்டச் சொல்லி டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.